வேவ் ஃபைலில் ‘டிக் டிக்’ சத்தம், அவசர உதவி

சுருதிப்பெட்டி: பைத்தானில் சைன் அலை வைத்து ஸ்வரங்களை வரிசையாக எழுதி வேவ் ஃபைலாகச் சேமிக்கிறேன். ஸ்வரம் மாறும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இரண்டு மூன்றைச் சேர்த்து ஒலிக்க வைத்தால் ஒரே கரகரப்பு. புரோகிராம் கோடு சரியாகத்தான் இருக்கிறது. நாளைக்குள் கொடுக்க வேண்டும், ப்ளீஸ்.

பைட்பாண்டி: கோடு எங்கே? எத்தனை பிட்? சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை அளவீடு?

மழைக்கால்: ப்ளூடூத் ஹெட்போனா? என்னுடையது அப்படித்தான் டிக் அடிக்கும்.

சுருதிப்பெட்டி: ஒயர்தான். மொபைலில் போட்டாலும் அதே டிக். சாம்பிள் ரேட் 44100. நம்பை (NumPy, பைத்தானின் எண்கணக்கு நூலகம்) வைத்துத்தான் எழுதுகிறேன்.

பழையசிப்பு: இப்படிக் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும். 8 பிட் வேவில் எண்கள் 0 முதல் 255 வரை, அமைதி என்றால் 128. 16 பிட்டில் மைனஸும் உண்டு, அமைதி 0. இதைக் குழப்பினால் இரைச்சல்தான். முதலில் ஃபார்மட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.

பைட்பாண்டி: அண்ணே, அது தப்பென்றால் ஃபைல் முழுக்க இரையுமே. இவருக்கு மாறும் இடத்தில் மட்டும்தானே டிக்? சுருதிப்பெட்டி, ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம்?

மழைக்கால்: 48000 ஆக்கிப் பாருங்கள். 44100 எல்லாம் பழைய சிடி காலத்து எண்.

பழையசிப்பு: பழையதுதான், ஆனால் சும்மா வந்ததில்லை. டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்தபோது ஒரு வரிக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டுக்கு (வீடியோ படத்தின் பாதி) 245 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள்.

மழைக்கால்: பெருக்கினேன், சரியாகத்தான் வருகிறது. அதனால் டிக் நின்றுவிடுமா?

பழையசிப்பு: 48000 போட்டாலும் நிற்காது.

சுருதிப்பெட்டி: தலா அரை நொடி. 220 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 220 சுற்று) தொடங்கினால் முதல் மாற்றத்தில் டிக் இல்லை, 261.63 என்றால் வருகிறது. ஏன்??

பைட்பாண்டி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 220 அரை நொடியில் 110 முழுச் சுற்று, அலை பூஜ்ஜியத்தில் முடிகிறது. 261.63-க்கு 130.815 சுற்று. அலை கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கும்போது அறுபடுகிறது, அடுத்த ஸ்வரம் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. அந்தத் தாவல்தான் டிக். ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 10 மில்லிசெகண்டு, அதாவது 441 சாம்பிள், ஃபேட் கொடுங்கள்; தொடக்கத்தில் சத்தத்தை மெல்ல ஏற்றி, முடிவில் மெல்ல இறக்குங்கள்.

கரகரப்பு வேறு கதை. இன்ட்16-ஆக (16 பிட் முழு எண்ணாக) மாற்றிய பிறகு கூட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 20000-உம் 20000-உம் சேர்ந்தால் 40000 வராது, எல்லை 32767. நம்பை சத்தமில்லாமல் -25536 ஆக்கிவிடும். ஃப்ளோட்டிலேயே (தசம எண்ணிலேயே) கூட்டி, அளவைக் குறைத்து, கடைசியில் மாற்றுங்கள்.

பழையசிப்பு: ஃபேட் ஒட்டுப்போடுகிற வேலை. ஃபேஸை, அதாவது அலை தன் சுற்றில் நிற்கும் இடத்தை, அடுத்த ஸ்வரத்துக்குத் தொடர்ந்து எடுத்துப் போவதுதான் முறை.

பைட்பாண்டி: நடுவில் சரி. கடைசி ஸ்வரம் பாதிச் சுற்றில் நின்றால்? அங்கே ஃபேட் வேண்டாமா?

சுருதிப்பெட்டி: ஃபேட் போட்டேன், டிக் போச்சு! நன்றி. ஃப்ளோட்டில் கூட்டிப் பாதியாக்கினேன், இன்னும் சில இடத்தில் கரகரக்கிறது.

பைட்பாண்டி: எத்தனை ஸ்வரம் சேர்க்கிறீர்கள்? மூன்று என்றால் பாதி போதாது, மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும்.