எனக்குத் தெரியாமலே எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகியிருக்கிறது, சம்பளத்தைப் பிடிக்கப் போகிறார்களாம். அவசரம், உதவுங்கள்

ஆம்பூர்_தையல்:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று ஷிஃப்ட் நடக்கும்போது கோர்ட் அமீனா நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கே வந்து என் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். எச்.ஆர். கூப்பிட்டு என்ன இதெல்லாம் என்று கேட்கிறார். நான் கோர்ட்டுக்கு வரவில்லை என்று எப்போதோ எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது ஒருதலைப்பட்சமான தீர்ப்பு, ஆகிவிட்டதாம், பணம் கட்டவில்லையாம், சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்களாம். சத்தியமாக எனக்கு ஒரு சம்மன்கூட வந்ததில்லை. கேஸ் என்று ஒன்று இருப்பதே நேற்றுதான் தெரியும். இதை எப்படி கேன்சல் செய்வது? ஹைகோர்ட் போக வேண்டுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
எந்தக் கோர்ட்? என்ன கடன்? எவ்வளவு? டிக்ரி தேதி என்ன? அடுத்த வாய்தா எப்போது? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது, நண்பரே.

வாலாஜா_பஸ்:
பைனான்ஸ் கடன்தானே? அப்படியானால் இது கோர்ட் தீர்ப்பே இல்லை, ஆர்பிட்ரேஷன் அவார்டு, அதாவது கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் கொடுக்கும் தீர்ப்பு. பைனான்ஸ்காரர்கள் சென்னையில் அவர்களே ஒரு ஆர்பிட்ரேட்டரை நியமித்து, அவர்களே அவார்டு வாங்கி, அதை இங்கே நிறைவேற்றக் கொண்டுவருவார்கள். கட்சிக்காரர் ஒருவரே தன்னிச்சையாக ஆர்பிட்ரேட்டரை நியமிக்க முடியாது என்று 2019ல் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதைக் காட்டினால் போதும், மொத்தமும் அடிபட்டுப் போகும்.

கோட்டைவாசல்:
வாலாஜா, அவர் என்ன கடன் என்றே சொல்லவில்லை, அதற்குள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டீர்கள். இதே கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, யாரும் பழைய பதில்களைத் தேடிப் படிப்பதில்லை. நோட்டீஸை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள், தம்பி. மேலே நி.ம. என்று ஒரு எண் இருக்கும், அது நிறைவேற்று மனு, அதாவது டிக்ரிப் பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு. அதற்குக் கீழே அ.வ. என்று இன்னொரு எண் இருந்தால் அது அசல் வழக்கு, அதாவது தாவா. தாவா எண் இருந்தால் கோர்ட் டிக்ரி. ஆர்பிட்ரேஷன் என்று போட்டிருந்தால் வேறு கதை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

ஆற்காடு_அக்கா:
தம்பி, முதலில் பதறாதே. எங்கள் வீட்டுக்காரருக்கு இதே மாதிரி வந்தது, மீண்டு வந்தோம். ஹைகோர்ட் எல்லாம் வேண்டாம். டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே அதை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 9 ரூல் 13 என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஆனால் நாள் கணக்கு ரொம்ப முக்கியம். நோட்டீஸ் கையில் வந்த தேதியை எங்கேயாவது எழுதி வை.

ஆம்பூர்_தையல்:
நன்றி அக்கா. பார்த்தேன். முன்சீப் கோர்ட். அ.வ. எண் 2021ஆம் வருடத்தது. டிக்ரி 2022 ஆகஸ்ட். அசலும் வட்டியும் சேர்த்து 1,86,000 கேட்கிறார்கள். நான் இரண்டாம் பிரதிவாதி. மாதச் சம்பளம் 19,000.

காட்பாடி_ஜங்ஷன்:
இரண்டாம் பிரதிவாதியா? முதல் பிரதிவாதி யார்? நீங்கள் கடன் வாங்கினீர்களா, ஜாமீன் போட்டீர்களா? அந்தச் சமயத்தில் எங்கே குடியிருந்தீர்கள்? நோட்டீஸில் எந்த விலாசம் போட்டிருக்கிறது?

ஆம்பூர்_தையல்:
என்னோடு வேலை பார்த்தவர் ஒரு பைனான்ஸில் வாங்கினார், நான் ஜாமீன் கையெழுத்து போட்டேன். 2018ல். அப்போது காட்பாடியில் வாடகை வீடு. 2020ல் ஆம்பூருக்கு வந்துவிட்டோம். நோட்டீஸில் காட்பாடி விலாசமும் கம்பெனி விலாசமும் இருக்கிறது. அவர் இப்போது எங்கே என்று தெரியவில்லை. போன் போகவில்லை.

வாலாஜா_பஸ்:
ஜாமீன்தாரரா! அப்போது வாங்கினவரிடம் வசூல் செய்யாமல் உங்களைத் தொடவே முடியாதே. 2018 கடனுக்கு 2021ல் தாவா போட்டதும் மூன்று வருடம் தாண்டிப் போயிருக்கும்.

கோட்டைவாசல்:
இரண்டுமே தப்பு. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128ன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரைப் பிடி, அப்புறம் என்னைப் பிடி என்று சொல்ல முடியாது. அப்புறம், கொரோனாவுக்காக 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தை லிமிடேஷன், அதாவது வழக்குப் போடும் காலக்கெடு, கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்கிறது. கடைசித் தவணை எப்போது கட்டப்பட்டது என்று தெரியாமல் காலம் கடந்தது என்று சொல்வது வெறும் ஊகம். இந்தத் தம்பிக்கு இருக்கும் ஒரே வழி, சம்மன் ஒழுங்காக வரவில்லை என்பதுதான். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாலாறு_கரை:
கோட்டைவாசல் சொல்வது சரி, சொல்லும் விதம்தான் கொஞ்சம் கடுமை. நான் ஒரு வக்கீல் ஆபீஸில் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன், கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய லிமிடேஷன் சட்டம் ஆர்ட்டிகிள் 123ன்படி 30 நாள். சாதாரணமாக டிக்ரி தேதியிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் சம்மன் முறைப்படி சார்வு ஆகவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை என்றால், டிக்ரி இருப்பது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு அந்த நாள் அமீனா கம்பெனிக்கு வந்த நாள். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ரிஜிஸ்தரில் அவர் கையெழுத்து போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது, கேஸ் கட்டில், அதாவது கோர்ட்டில் இருக்கும் கேஸ் பேப்பர்களில், சம்மன் எப்படி சார்வு ஆனதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு வரியும் அஃபிடவிட் எழுதாதீர்கள். வக்காலத்து போட்டுவிட்டு உங்கள் வக்கீல் கட்டைப் பார்வையிடலாம், நகல் மனு போட்டு நகலும் வாங்கலாம். அதில் மூன்று மாதிரி இருக்கும். தபால் உறை, பெறுநர் இல்லை என்றோ வாங்க மறுத்தார் என்றோ திரும்பி வந்திருக்கும். அல்லது அமீனா வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்ததாக அறிக்கை இருக்கும். அல்லது பேப்பரில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். பேப்பர் விளம்பரம் ஆர்டர் 5 ரூல் 20, அது இந்த 30 நாள் கணக்குக்கு முறையான சார்வு ஆகாது என்று ஆர்ட்டிகிள் 123லேயே விளக்கம் இருக்கிறது. கதவில் ஒட்டியது என்றால் ரூல் 17. நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் கதவில்தான் ஒட்ட வேண்டும். எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று அறிக்கையில் எழுத வேண்டும். 2020லேயே காலி செய்த வீட்டில் 2021ல் ஒட்டியிருந்தால் உங்கள் பக்கம் பலம்.

ஆம்பூரில் இருந்ததற்கு வாடகை ஒப்பந்தம், சமையல் கேஸ் புக், இ.எஸ்.ஐ. கார்டு, ரேஷன் கார்டு விலாச மாற்றம், பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூட அட்மிஷன் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

ஆற்காடு_அக்கா:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். வழக்கின் வாய்தா தேதி உனக்கு வேறு வழியில் முன்னாலேயே தெரிந்து, வர நேரமும் இருந்தது என்று அவர்கள் நிரூபித்துவிட்டால், சார்வில் இருக்கும் சின்னக் குறைக்காக மட்டும் ரத்து செய்ய மாட்டார்கள். பைனான்ஸ்காரர்களோடு அந்தச் சமயத்தில் போன், வாட்ஸப் என்று ஏதாவது பேசியிருந்தால் வக்கீலிடம் மறைக்காதே.

குடியாத்தம்_தறி:
எல்லோரும் டிக்ரியையே பேசுகிறீர்கள், சம்பளத்தை யாரும் பார்க்கவில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60ல் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது என்று இருக்கிறது. தம்பி ஷூ கம்பெனியில் தைக்கிறவர். தொழிலாளிதான். ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது.

கோட்டைவாசல்:
அது கூலிக்காரருக்கு. இவர் மாதச் சம்பளக்காரர், எச்.ஆர். இருக்கிற கம்பெனி, பேங்கில் போடுகிறார்கள். சம்பளத்துக்குத் தனிக் கணக்கு: முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. 19,000ல் ஆயிரம் போக 18,000, அதில் மூன்றில் ஒரு பங்கு 6,000. மாதம் 6,000 வரை பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது.

குடியாத்தம்_தறி:
பேங்கில் போட்டால் தொழிலாளி ஆபீசர் ஆகிவிடுவாரா? அதே பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள். திறன் பெற்ற, ஓரளவு திறன் பெற்ற, திறன் பெறாத எல்லோரும் தொழிலாளி என்ற சொல்லில் அடங்குவார்கள், போனஸும் கூலியில் சேரும். 1976 திருத்தத்தில் வந்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் எத்தனை பேர் இது தெரியாமல் மாதாமாதம் இழக்கிறார்கள் என்று எனக்கு வயிறு எரிகிறது. மூன்றில் ஒரு பங்கு என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது பேசாமல் இருந்துவிட்டால் யார் பொறுப்பு?

கோட்டைவாசல்:
யூனியன் கூட்டத்தில் பேசுவது போலப் பேச வேண்டாம். எது கூலி, எது சம்பளம் என்பது வேலையின் தன்மையைப் பார்த்துக் கோர்ட் முடிவு செய்வது. சூப்பர்வைசர் என்றால் நீங்கள் சொல்வது நிற்காது.

குடியாத்தம்_தறி:
அவர் சூப்பர்வைசர் என்று எங்கே எழுதியிருக்கிறார்? மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்.

காட்பாடி_ஜங்ஷன்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, உங்கள் வேலை மெஷின் ஆபரேட்டரா, லைன் சூப்பர்வைசரா? சம்பளச் சீட்டில் பதவி என்ன போட்டிருக்கிறது?

பாலாறு_கரை:
தறி சொல்லும் வாதத்தை விட்டுவிடக் கூடாது. நிறைவேற்று மனுவில் போடும் ஆட்சேபணையில் முதல் வரியாக அதையே எழுதச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு கணக்கை, அது ஏற்கப்படாவிட்டால் என்று அடுத்ததாக வைக்கலாம். பி.எஃப். பணத்தையும் தொட முடியாது.

ஆனால் இதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. ரத்து மனு போட்டுவிட்டோம் என்று நிறைவேற்று மனுவின் வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மனு போட்டதாலேயே ஜப்தி நிற்காது, ஸ்டேக்குத் தனியாகக் கேட்க வேண்டும். அந்த வாய்தாவுக்குப் போகாவிட்டால் அங்கேயும் எக்ஸ்பார்ட்டி ஆகி, சம்பளத்தைப் பிடித்துக் கட்டச் சொல்லி உத்தரவு நேராகக் கம்பெனிக்குப் போய்விடும். டிக்ரி ஆகி இரண்டு வருடம் தாண்டியதால்தான் உங்களுக்கு முன்கூட்டி இந்த நோட்டீஸாவது வந்திருக்கிறது.

இன்னொன்று, டிக்ரி தேதியிலிருந்து எண்ணினால் தாமதம் என்று எதிர்த்தரப்பு கிளப்பும். அதனால் லிமிடேஷன் சட்டம் செக்ஷன் 5ல் தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். ரத்து செய்யும்போது செலவுத் தொகையோ, கேட்ட பணத்தில் ஒரு பகுதியோ கட்டச் சொல்லி நிபந்தனை போட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கொஞ்சம் பணம் தயாராக இருக்கட்டும். குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் மனுவே போய்விடும்.

வாலாஜா_பஸ்:
ஆர்பிட்ரேஷன் இல்லையா என்று இன்னும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:
அ.வ. எண் இருக்கிறது, வாலாஜா.

ஆற்காடு_அக்கா:
வக்கீல் செலவுக்குப் பயந்து நாளைக் கடத்தாதே, தம்பி. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம், 15100க்கு போன் செய்தாலும் சொல்வார்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் போலவே தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே உரிமை உண்டு, வருமான வரம்பைப் பார்க்க மாட்டார்கள். கம்பெனி அடையாள அட்டையை எடுத்துப் போ. வீட்டிலும் இன்றைக்கே சொல்லிவிடு. தெருவில் யாரோ சொல்லித் தெரிவதைவிட நீ சொல்வது நல்லது.

குடியாத்தம்_தறி:
கம்பெனியில் வேலையை விட்டு எடுத்துவிடுவோம் என்று மிரட்டினால் இங்கே எழுதுங்கள். கோர்ட் நோட்டீஸ் வந்தது ஒன்றும் ஒழுங்கீனம் இல்லை.

காட்பாடி_ஜங்ஷன்:
ஆளைக் காணோமே. தம்பி, 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன ஆயிற்று?

ஆம்பூர்_தையல்:
மன்னிக்கவும், ஓவர்டைம். இலவச வக்கீல் கிடைத்தார், ஒரு மேடம். கட்டைப் பார்த்தார். காட்பாடி வீட்டில் கதவு பூட்டியிருந்தது, ஒட்டப்பட்டது என்று ஒரு வரிதான் இருக்கிறது. அடையாளம் காட்டியவர் பெயர் எழுதும் இடம் காலி. முதல் பிரதிவாதிக்கும் அதே காட்பாடி விலாசத்தையே கொடுத்திருக்கிறார்கள், அவர் அங்கே குடியிருந்ததே இல்லை. வீட்டு ஓனர் அம்மா நாங்கள் 2020லேயே காலி செய்ததாக எழுதிக் கொடுத்தார். ரத்து மனு, தாமத மனு, ஸ்டே மனு மூன்றும் போட்டாச்சு. சீட்டில் ஆபரேட்டர் என்றுதான் இருக்கிறது, தறி அண்ணன் சொன்னதையும் எழுதியிருக்கிறார்கள். வியாழக்கிழமை நிறைவேற்று மனு வாய்தா. எல்லோருக்கும் நன்றி.

கோட்டைவாசல்:
அடையாளம் காட்டியவர் பெயர் இல்லை என்றால் நல்ல பாயிண்ட். ஒட்டியதாக எழுதிய அமீனாவை விசாரிக்க வேண்டும் என்று மேடத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

பாலாறு_கரை:
மனுக்களைக் கோர்ட் ஏற்று நம்பர் கொடுத்துவிட்டதா, இல்லை ஏதாவது குறை சொல்லி ரிட்டர்ன் போட்டிருக்கிறார்களா? புதன்கிழமைக்குள் பாருங்கள். ரிட்டர்ன் என்றால் உடனே சரி செய்து திரும்பக் கொடுக்க வேண்டும். நம்பர் ஆகாத மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை ஸ்டே கேட்பது கஷ்டம்.