புல்பப் ரைஃபிள்: கையில் எடுத்தால் தெரியவரும் நல்லதும் கெட்டதும்

தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டும், தோட்டாப் பெட்டியான மேகசினும் டிரிகருக்குப் பின்னால் இருக்கும் ரைஃபிள்தான் புல்பப். நீளக் கணக்கில் அதை வெல்ல முடியாது. அமெரிக்காவின் வழக்கமான வடிவ ரைஃபிள் எம்16ஏ2 மொத்தம் 1006 மி.மீ., அதன் குழல் 508 மி.மீ. அதன் குட்டை வடிவமான எம்4 கார்பைனின் பின்பகுதியை (பட்) முழுக்க இழுத்துவிட்டால் 838 மி.மீ., ஆனால் குழல் 368 மி.மீ.தான். ஆஸ்திரிய ராணுவம் 1977-ல் எடுத்துக்கொண்ட புல்பப்பான ஸ்டெய்ர் ஏயூஜி மொத்தம் 790 மி.மீ., குழலோ எம்16-ன் அதே 508 மி.மீ. சாதாரண ரைஃபிளில் டிரிகருக்குப் பின்னால் தோளில் முட்டுக்கொடுக்கும் பட் மட்டுமே இருக்கிறது. போல்ட்டையும் மேகசினையும் அந்த இடத்துக்குள் தள்ளிவிட்டால், குழலைத் தொடாமலே ஏறக்குறைய ஒரு சாண் மிச்சம்.

அந்த நீளக் குழல் எதற்கு என்றால், இவற்றில் போடும் 5.56 மி.மீ. தோட்டா வேகத்தை நம்பிப் பிழைப்பது. குழலில் ஓர் அங்குலம் வெட்டினால் நொடிக்கு சுமார் 8 முதல் 15 மீட்டர் வேகம் போகும். எம்193, எம்855 போன்ற பழைய குண்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டருக்கு மேல் பட்டால்தான் நம்பகமாக உடையும். குட்டைக் குழலில் அந்த வேகம் வெகு சீக்கிரம் கரைந்துவிடும்.

நீளம் குறைந்தால் எடையும் குறையும் என்று எதிர்பார்த்து எடுப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஏயூஜி காலியாகவே 3.6 கிலோ. பிரிட்டனின் புல்பப்பான எல்85, பழைய சூசாட் ஸ்கோப்பும் நிரம்பிய மேகசினும் சேர்ந்தால் 5 கிலோவைத் தொடும். எடை உடம்போடு ஒட்டி நிற்பதால் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் கதவைத் திறக்கலாம், ஏணி ஏறலாம். முன்பக்கம் லேசாக இருப்பதால் தொடர்ந்து சுடும்போது குழல்வாய் மேலே எகிறுவதைத் தடுக்கும் பாரமும் இல்லாமல் போகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

டிரிகர் விஷயத்தை யாரும் ஒரு வரியில் கடந்துவிட வேண்டாம். இந்த வடிவத்தின் உண்மையான தலைவலிகளில் அது ஒன்று.

சாதாரண ரைஃபிளில் டிரிகரும், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியான சியரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். புல்பப்பில் டிரிகர் முன்னால், சியரும் ஹேமரும் மேகசினுக்குப் பின்னால். நடுவே இணைப்புக் கம்பி ஓடவேண்டும். அது லேசாக வளையும், துப்பாக்கி உடலின் உள்சுவரில் உரசும், இரு முனையிலும் சிறு ஆட்டம் இருக்கும். மூன்றும் சேர்ந்து விரலுக்கு வரும்போது, எங்கே விடுபடும் என்று தெரியாத நீண்ட இழுவை. எடையும் கூடுதல்: எம்16 போன்ற ஏஆர் ரகத்தில் 2.5 முதல் 4 கிலோ வரை இருக்கும் டிரிகர் இழுப்பு, முதலில் வந்த, பொதுமக்களுக்கான இஸ்ரேலியப் புல்பப் டாவோரில் 5 கிலோவை ஒட்டி இருந்தது.

சரிசெய்யப் போனால் வரிசை முக்கியம். தோட்டாவை எடுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பிரித்து டிரிகரை மெதுவாக அழுத்துங்கள். கம்பி எங்கே உரசுகிறதோ அங்கே பளபளவென்று தடம் விழுந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் மெருகேற்றி, துளி மசகு போட்டாலே பாதிக் கரகரப்பு போய்விடும். சியரின் விளிம்பில் அரம் வைக்காதீர்கள். கோணம் மாறினால் கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கும் துப்பாக்கி கைக்கு வரும். ஹேமர் ஸ்பிரிங்கை இளக்கினால் இழுப்பு குறைவது உண்மைதான். ஆனால் ராணுவத் தோட்டாவின் அடியிலுள்ள கெட்டியான பிரைமரில் (தீமூட்டியில்) அடி போதாமல் தோட்டா வெடிக்காது. டாவோருக்கு கைசலி, டிம்னி போன்றவர்களின் முழு டிரிகர் பெட்டியே கிடைக்கிறது, மாற்றினால் ஆள் மாறியது போலிருக்கும். கம்பி மட்டும் எப்படியும் கம்பிதான்.

ஏயூஜி பற்றி இன்னொன்று. அதில் ஒற்றைச் சூடா தானியங்கியா என்று தேர்ந்தெடுக்கும் தனி செலக்டர் கிடையாது. டிரிகரைப் பாதி இழுத்தால் ஒற்றைச் சூடு, முழுக்க இழுத்தால் தானியங்கி. பதற்றத்தில் விரல் பாதியில் நிற்காது. ஏயூஜியின் ஆஸ்திரேலிய வடிவமான எஃப்88-ல் தானியங்கியைத் தடுக்கும் பூட்டு ஒன்றை டிரிகரிலேயே சேர்த்ததன் காரணம் இதுதான்.

*

டிரிகர் தலைவலி என்றால், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறும் வாசல் கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். டிரிகருக்குப் பழகிவிடலாம். இடது தோளுக்கு மாற்றினால் முகத்தில் வந்து மோதும் பித்தளைக்குப் பழக முடியாது.

ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு விதமாகச் சமாளித்தது. எல்85 கையை விரித்துவிட்டது: போல்ட்டை இழுக்கும் காக்கிங் பிடி வலப்பக்கம் போல்ட்டோடு சேர்ந்தே முன்னும் பின்னும் ஓடுவதால், அது வலது தோளுக்கு மட்டும். பிரான்சின் புல்பப்பான ஃபமாஸில் காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மறுபக்கம் மாட்டி, கன்னத் தாங்கியையும் திருப்பிப் போட வேண்டும். ஏயூஜிக்கு இடக்கை போல்ட் தனியாக வாங்க வேண்டும். குழலைக் கழற்றி, ரிசீவரை உருவி, போல்ட்டை மாற்றி, வாசல் மூடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போட்டுத் திரும்பப் பூட்டினால் வேலை முடிந்தது. மூடியை மாற்ற மறப்பதுதான் வழக்கமான தவறு. முதல் கூடே மூடிய சுவரில் மோதி உள்ளே சிக்கும். ஒன்று கவனியுங்கள். இவை எல்லாம் மேசையில் வைத்துச் செய்யும் வேலை. சுவர் மூலையில் தோள் மாற்ற இவை உதவாது.

வாசலையே இடம் மாற்றியவை வேறு ரகம். எஃப்என் எஃப்2000 கூட்டைக் குழலுக்கு மேலுள்ள ஒரு குழாய் வழியாக முன்னால் தள்ளுகிறது. முதல் சில கூடுகள் குழாயில் வரிசை கட்டி நின்றுதான் முன்வாயில் விழும். நேர்த்தியான யோசனை, ஆனால் சேம்பரைப் பார்க்க மேல்மூடியைத் தூக்க வேண்டும், கூடு சிக்கினால் விரல் நுழையாது. பி90, கெல்-டெக் ஆர்டிபி இரண்டும் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. என் கணக்கில் இதுவே நல்ல தீர்வு.

சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் போட்டால் இதே வாசல் இன்னொரு தொல்லை தரும். பின்னால் திரும்பும் வாயு நேராகக் கண்ணுக்கும் மூக்குக்கும் வரும். வாயுவைக் குறைக்கும் நிலை உங்கள் மாடலில் இருந்தால் அதில் வையுங்கள். மூடியின் இடுக்கில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது. குழல் அடைபட்டோ, தவறான தோட்டா ஏறியோ சேம்பர் வெடித்தால், சாதாரண ரைஃபிளில் அது முகத்துக்கு முன்னால் நடக்கும். இங்கே கன்னத்துக்கு அடியில்.

*

மேகசின் மாற்றுவதும் இங்கே வேறு மாதிரிதான். ஏஆரில் பழகிய கை இங்கே தேடும். ஏயூஜி, டாவோர் போன்றவற்றுக்கு வசதியான முறை: சுடும் கை பிடியிலேயே இருக்கட்டும், பட் பகுதியை அக்குளுக்குள் இடுக்கி, குழல்வாயைச் சற்று உயர்த்துங்கள். மறு கையால் பழைய மேகசினை முழுக் கையால் பற்றி, கட்டைவிரலால் விடுவிப்பானை அழுத்தி உருவுங்கள். தானாக விழும் என்று காத்திருக்க வேண்டாம். புதியதை ஏற்றி, கீழே ஒரு தட்டுத் தட்டி, பிறகு இழுத்துப் பாருங்கள். வழக்கமான ஏயூஜியில் போல்ட்டை விடுவிக்கத் தனிப் பொத்தான் இல்லை, இடப்பக்கக் காக்கிங் பிடியைத்தான் விட வேண்டும். குண்டு துளைக்காத கவசம் போட்டு இதையெல்லாம் செய்து பார்த்த பிறகே பழகிவிட்டது என்று சொல்லுங்கள். தடித்த கவசத்தோடு பட்டின் நீளமும் கூடிவிடும், அதைக் குறைக்க வழியில்லாத மாடல்களே அதிகம். குரோஷியாவின் விஹெச்எஸ்-2 விதிவிலக்கு. அதன் பட் நீளும், குறையும்.

*

எல்85-ஐக் காட்டி மொத்தப் புல்பப்பையும் திட்டுவது நியாயமில்லை. உபகரணம் உரசி மேகசின் கழன்று விழுந்தது, பிரைமரை அடிக்கும் ஊசி முறிந்தது, வெளியேறிய கூடு காக்கிங் பிடியில் பட்டு வாசலுக்குள்ளேயே திரும்பியது, இவை அந்தத் துப்பாக்கியின் குறைகள். 2000-களின் தொடக்கத்தில் ஹெக்லர் அண்ட் கோக் அதைத் திருத்தி ஏ2 ஆக்கியபோது, காக்கிங் பிடியைக் கமா வடிவத்தில் மாற்றினார்கள், கூடு விலகிப் போக. துப்பாக்கி நம்பகமாகிவிட்டது. வலது தோள் கட்டாயம் மட்டும் போகவில்லை.

ஃபமாஸும் அப்படித்தான். போல்ட் பின்னேறுவதை நெம்புகோலால் தாமதிக்கும் அதன் முறைக்கு எஃகுக் கூடுத் தோட்டா வேண்டும், அந்தத் தோட்டாவின் உற்பத்தி பிரான்சில் எப்போதோ நின்றுவிட்டது. பிரான்ஸ் 2016-ல் வழக்கமான வடிவ எச்கே416-ஐத் தேர்ந்தெடுத்ததற்குப் புல்பப் வடிவத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நியூசிலாந்து ஏயூஜியை விட்டு ஏஆர் ரகத்துக்கு வந்ததையும், சீனா தன் புல்பப்பான கியூபிஇசட்-95-க்குப் பிறகு 2019 அணிவகுப்பில் வழக்கமான வடிவ கியூபிஇசட்-191-ஐக் காட்டியதையும் தள்ளிவிட முடியாது. எம்855ஏ1 போன்ற புதிய தோட்டாக்கள் குட்டைக் குழலிலும் வேலை செய்கின்றன. நீளக் குழலின் மதிப்பு அந்த அளவுக்கு இறங்கிவிட்டது.

*

கடைசியாக, குறிபார்க்கும் சைட்டின் உயரம். பட் குழலுக்கு நேர்கோட்டில் இருப்பதால் கண் மேலே வரும். சைட் குழலிலிருந்து 65, 70 மி.மீ. உயரத்தில் உட்காரும். 5 மீட்டரில் குறியை வைத்த இடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு கீழேதான் குண்டு படும். மறைவின் விளிம்புக்கு மேல் சைட் தெளிவாகத் தெரியும், குழல்வாய் விளிம்புக்குக் கீழேயே இருக்கும். சுடுவதற்கு முன் குழல்வாயை ஒருமுறை பாருங்கள். டாவோர் வகையின் எக்ஸ்95-ன் 330 மி.மீ. குழல் போன்ற குட்டை மாடல்களில், தாங்கும் கை நழுவி முன்னே போகாமல் தடுக்க முன்பிடியில் ஒரு தடுப்பு மாட்டுங்கள்.