நேரடி விதைப்பு சம்பாவில் குதிரைவாலிப் புல்: உழுத பிறகும் எங்கிருந்து முளைக்கிறது?

கேள்வி (நீடாமங்கலம் பக்கம்):
வணக்கம். புழுதியில் நேரடி விதைப்பு, மூன்று ஏக்கர் சம்பா. விதைக்கும் முன் ரொட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டியபோது வயலில் புல்லே இல்லை. மழை பெய்ததும் நெல்லோடு சேர்ந்து குதிரைவாலி அடர்த்தியாக வந்துவிட்டது. இப்போது இரண்டு இலை. களை பறிக்க வந்தவர்கள் பயிரையும் சேர்த்துப் பிடுங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
அண்ணா, இலையும் தண்டும் சேருகிற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வும், மயிர் உள்ள, காது போன்ற சின்ன நீட்டமும் இருக்கும். குதிரைவாலியில் இரண்டுமே இருக்காது.

பதில் 2:
புல் வெளியிலிருந்து வரவில்லை, மண்ணிலேயே இருந்தது. குதிரைவாலி நெல் அறுவடைக்கு முன்பே விதையை உதிர்த்துவிடும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் கொட்டும். உதிர்ந்த உடனே எல்லாம் முளைக்காது, உறக்கத்தில் கிடக்கும். உறக்கம் கலைந்த விதை முளைப்பதை ஈரமும் சூடும் வெளிச்சமும் தூண்டிவிடும். மேலே 2 செ.மீ. மண்ணில் இருப்பதுதான் பெரும்பாலும் எழும்பும். ஆழத்தில் கிடந்ததை ரொட்டவேட்டர் மேலே கொண்டுவந்தது, மழை மீதியைச் செய்தது.

இப்போது இரண்டு, மூன்று இலைப் பருவம்தான் சரியான நேரம். 10% பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லி மருந்து ஏக்கருக்கு 100 மில்லி. நின்ற தண்ணீரை வடித்துவிட்டு, மண் ஈரமாக இருக்கும்போது புல்லின் மேல் படும்படி அடியுங்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டுங்கள். வருடா வருடம் இதே மருந்தை மட்டும் அடிக்க வேண்டாம், புல் பழகிவிடும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது. மருந்து இல்லாமல் தண்ணீரைக் கட்டியே அழிக்க முடியாதா?

பதில் 2:
இந்த நிலையில் முடியாது. முளைக்கும் முன் தண்ணீர் நின்றால் காற்றுக் குறைந்து நிறைய விதை எழும்பாது. தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் அப்புறம் சாகாது. அதனால் முறைத் தண்ணீர் வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அடியுங்கள். தப்பியதைக் கதிர் வருவதற்குள் கையால் பிடுங்கியே ஆக வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த பட்டத்துக்கு, விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே மழையிலோ பாசனத்திலோ புல்லை முளைக்க விடுங்கள். முளைத்ததை மேலோட்டமாக உழுது அழித்துவிட்டு, மண்ணை ஆழமாகக் கிளறாமல் விதையுங்கள்.

பதில் 3:
வரப்பையும் வாய்க்கால் ஓரத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள் அண்ணா. எங்கள் வயலுக்கு விதை அங்கிருந்துதான் தண்ணீரோடு வந்தது.