சோர்ஸ், சிங்க்: ‘தொட்டி’ வேண்டாமே, வேற சொல் பாப்போம்

எல்லாருக்கும் வணக்கம். ஒளிச்சேர்க்கையா, இலங்கையில சொல்ற ஒளித்தொகுப்பாங்கிற பழைய சண்டைய நான் கிளப்பல (கிளப்பினா அவங்க பக்கம்தான் நிப்பேன், சேர்க்கைன்னதும் எனக்கு காலேஜ் அட்மிஷன்தான் ஞாபகம் வருது). என் சிக்கல் அதுக்கு அடுத்த கட்டத்துல. இலை ஆக்கின சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸா ஃப்ளோயம் (செடிக்குள்ள சர்க்கரைச் சாறு ஓடுற திசு) வழியா வேர், பூ, காய், கிழங்குன்னு கிளம்பிப் போகுதுல்ல, கிளம்புற இடம் சோர்ஸ், போய்ச் சேர்ற இடம் சிங்க். ஒரு பாடக்குறிப்புல இத ‘மூலம்’, ‘தொட்டி’ன்னு போட்டிருந்தாங்க. ஒண்ணு வியாதி, இன்னொண்ணு பாத்திரம் கழுவுறது, பசங்க சிரிக்க மாட்டாங்களா? நான் யோசிச்சது: ஆக்குறுப்பு, உண்ணுறுப்பு. சரியா வருமா?

அண்ணா, கேக்க நல்லா இருக்கு, ஆனா ‘உறுப்பு’ன்னு முடிச்சதுலதான் இடிக்குது. சோர்ஸும் சிங்க்கும் உறுப்போட பேர் இல்ல, அது அந்த நேரத்துல பாக்குற வேலையோட பேர். உருளைக்கிழங்கு எடுத்துக்கங்க, செடி வளர்றப்ப இலை குடுக்குது, கிழங்கு வாங்கி மாவா சேத்து வைக்குது, அதே கிழங்க அடுத்த போகத்துக்கு நட்டா இப்ப கிழங்கு குடுக்குது முளை வாங்குது. இலையே கூட குருத்தா இருக்கும்போது மத்த இலைகிட்ட வாங்கித்தான் பொழைக்குது, கொஞ்சம் விரிஞ்ச பிறகுதான் அது குடுக்க ஆரம்பிக்கும். அதோட கிழங்கு எங்க ‘உண்ணுது’, சேமிக்கத்தானே செய்யுது?
அதனால ‘இடம்’னு முடிக்கலாம். தருமிடம், கொள்ளிடம். ஆமா, அதே கொள்ளிடம்தான், காவிரியில வெள்ளம் வந்தா முக்கொம்புல எங்க திருப்பி விடுறாங்களோ அது. தண்ணிய கொள்ளுற இடம், சர்க்கரைய கொள்ளுற இடம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பசங்களுக்கு ஒரு தடவ சொன்னா மறக்காது.

தம்பி, உறுப்பு தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா கொள்ளிடம்னு கூகுள்ல தேடினா ஆறும் ஊரும்தான் வரும், அது பரவாயில்லன்னாலும் எனக்கு வேற தயக்கம். கொள்ளிடத்துக்குப் போறது மிச்சத் தண்ணி, இங்க கதிரு மிச்சத்தையா வாங்குது? நெல்லுல கண்ணாடி இலை (கதிருக்கு ஒட்டினாப்ல வர்ற கடைசி இலை) ஆக்குறதுல பெரும்பங்கு கதிருக்குத்தான் போகுது, அத நம்ம ஆளுங்க ‘பால் பிடிக்குது’ன்னு எவ்வளவு அழகா சொல்றாங்க, அந்த நேரத்துல வரத்து கொறஞ்சா பதராப் போயிடும். வாழையில பக்கக்கன்ன வெட்டுறதும் இதுக்குத்தான், கன்னு தாய்மரத்துக்கிட்ட இழுக்கும், தார் சிறுத்துடும். வாங்குற பக்கம் சும்மா குழி மாதிரி கெடக்குறது இல்ல. 1930ல ஜெர்மனிக்காரர் எர்ன்ஸ்ட் மியூன்ச் சொன்னதும் அதான்: இலைப்பக்கம் சர்க்கரை ஏறினதும் தண்ணி உள்ள வந்து அழுத்தம் கூடுது, அந்தப் பக்கம் சர்க்கரைய இறக்கிக்கிட்டதும் அழுத்தம் கொறையுது, அந்த வித்தியாசத்துலதான் சாறு ஓடுது.
அதனால உங்க தருமிடத்த அப்படியே வெச்சுக்கறேன், ஜோடிக்கு பெறுமிடம். ‘இலை தருமிடம், கதிர் பெறுமிடம்’, ‘முளைவிட்ட கிழங்கு தருமிடம்’, வாக்கியத்துல வெச்சுப் பாத்தேன் உறுத்தல. ஃப்ளோயத்துக்கு இலங்கைக்காரங்க ‘உரியம்’னு எப்பவோ வெச்சுட்டாங்க, நாம ஏன் இன்னும் புளோயம்னே எழுதிக்கிட்டு இருக்கோம்னு தெரியல, அத தனி இழையில பேசலாம்.