தொலைக் கண்காணிப்பு: ‘இணைப்பு இல்லை’ என்று நிற்கும் நோயாளிகளும் கண்ணுக்குத் தப்பிய ஓர் எச்சரிக்கையும். வழிகாட்டுங்கள்

கேள்வி (சாதனத் தொழில்நுட்பர், தென் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையின் இதயவியல் பிரிவில் பணிபுரிகிறேன். பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (ஆபத்தான வேகத் துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவி), சி.ஆர்.டி. (இதயத்தின் கீழறைகளை ஒருசேரத் துடிக்கவைக்கும் கருவி), லூப் ரெக்கார்டர் (துடிப்பைப் பதிவு மட்டும் செய்யும் கருவி) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பொருத்தப்பட்ட ஏறத்தாழ முந்நூறு பேரை நான்கு நிறுவனங்களின் இணையதளங்கள் வழியாகக் கண்காணித்து வருகிறோம். நோயாளியின் வீட்டில் இருக்கும் ஒரு பெட்டியோ செல்பேசிச் செயலியோ கருவியின் தகவலை அங்கே அனுப்பும். ‘வருகிறோம்’ என்று எழுதினாலும் இந்தப் பணிக்கு இருப்பது நான் ஒருவன்தான். முற்பகல் முழுவதும் எனக்கு எக்கோ அறையிலும் வேலை உண்டு.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஐ.சி.டி. பொருத்திய ஒரு பெண்மணியின் கருவி, வலது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) லீடின், அதாவது கருவியை இதயத்துடன் இணைக்கும் மின்கம்பியின், இம்பீடன்ஸ் (மின்தடை) எல்லை மீறிவிட்டதாக எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. சனி, ஞாயிறு இரு நாளும் அதை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நான் உள்நுழைந்தபோது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) இருப்பது ஏற்கெனவே தெரிந்து மருந்தும் கொடுத்து வருகிற நோயாளிகளின் எச்சரிக்கைகளுக்கும் லூப் ரெக்கார்டர் பதிவுகளுக்கும் நடுவே அந்த ஒரு வரி கிடந்தது. நான் அதை எட்டுவதற்குள், வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் இரண்டு முறை ஷாக் வாங்கி, ஆம்புலன்ஸில் எங்களிடமே வந்து சேர்ந்துவிட்டார். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பல மாதங்களாக 400 ஓமை ஒட்டி நேர்க்கோடாகச் சென்ற இம்பீடன்ஸ், ஒரே நாளில் 3000 ஓமுக்கு மேல் எகிறியிருந்தது. லீட் முறிந்ததால் எழுந்த இரைச்சலை, அதாவது போலி மின்சமிக்ஞைகளை, கருவி வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் (உயிருக்கு ஆபத்தான கீழறைத் துடிப்புக் கோளாறு) என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. லீடை மாற்றினோம்; நலமாக வீடு திரும்பினார். ஆனால் வார்டில் அவர், “ஏதாவது ஆனா பெட்டி உங்களுக்குச் சொல்லிடும்னு சொன்னீங்களே தம்பி” என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இத்தகைய எச்சரிக்கைகளை மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரிப்பது, விடுமுறை நாள்களில் யார் பார்ப்பது என்பது என் முதல் சந்தேகம். எங்கள் பட்டியலில் எப்போதும் ஐம்பது பேருக்குக் குறையாமல் ‘இணைப்பு இல்லை’ என்றே நிற்பதற்கு என்ன செய்வது என்பது அடுத்தது. தொலைபேசியில் கேட்டால், “பெட்டியில் விளக்கு எரிகிறதே” என்கிறார்கள்.

மறுமொழி 1 (சாதனப் பிரிவுச் செவிலியர், கோயம்புத்தூர்)

தம்பி, உங்கள் இரண்டாவது சந்தேகத்தையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்மணியின் எச்சரிக்கையாவது உங்கள் திரைக்கு வந்து சேர்ந்தது. இணைப்பு அறுந்த ஐம்பது பேரில் ஒருவருக்கு அதே லீட் முறிந்தால், திங்கட்கிழமை அல்ல, அடுத்த மாதம்கூட உங்களுக்குத் தெரியாது.

“பெட்டி வேலை செய்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் “செய்கிறது” என்றுதான் சொல்வார்கள். “இரவில் எங்கே படுக்கிறீர்கள், பெட்டி எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். பெரும்பாலான கருவிகள் நோயாளி உறங்கும் நேரத்தில்தான் தகவலைக் கடத்துகின்றன. அந்நேரம் பெட்டி சில அடி தூரத்திற்குள் இருக்க வேண்டும். எங்கள் நோயாளி ஒருவர் தூசு படியக் கூடாது என்று பெட்டியைத் துணியால் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். இன்னொருவர் சித்திரை வெயிலுக்குப் பயந்து மொட்டை மாடியில் படுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, கீழே கூடத்தில் இருந்த பெட்டிக்கு எதுவும் வரவில்லை. விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்றுதான் பொருள். கருவியிடமிருந்து தகவல் வந்ததா, அது செல்பேசிக் கோபுரத்தை எட்டியதா என்பவை வேறு கேள்விகள். ஊருக்குள் சிக்னல் குறைவு என்றால் பெட்டியைச் சன்னலோரம் மாற்றிக் கட்டிலையும் அதன் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள்.

செல்பேசிச் செயலி வழியாக இயங்கும் புதிய கருவிகளில் சிக்கல் வேறு விதம். அப்பாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்று மகனுடைய போனில் செயலியை நிறுவிவிடுகிறோம். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது போனும் உடன் போய்விடுகிறது. போன் வீட்டிலேயே இருந்தாலும் ப்ளூடூத் அணைந்திருக்கலாம்; பேட்டரி சேமிப்பு அமைப்பு செயலியைப் பின்னணியில் இயங்கவிடாமல் நிறுத்தியிருக்கலாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, நோயாளியின் அருகில் இரவும் பகலும் இருக்கப்போகும் போன் எது என்று கேட்டு அதில் மட்டுமே நிறுவுங்கள். அப்படி ஒரு போன் இல்லாத வீட்டுக்கு, அந்தக் கருவியுடன் இணையும் தனிப்பெட்டி இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 2 (இதய மின்னியல் மருத்துவர், சென்னை)

சிஸ்டர் சொன்னதற்கு ஒரு காரணத்தைச் சேர்க்கிறேன். தொலைக் கண்காணிப்பில் உள்ளவர்களின் நேரடிப் பரிசோதனை இடைவெளியை 24 மாதம் வரை நீட்டிக்கலாம் என்று பன்னாட்டு இதயத் துடிப்புச் சங்கங்கள் 2023இல் கூட்டாக வெளியிட்ட ஒருமித்த அறிக்கை கூறுகிறது. ஆனால் அந்தச் சலுகை, இணைப்பு அறாமல் தொடர்பவர்களுக்கும் அண்மையில் எச்சரிக்கை எதுவும் வராதவர்களுக்கும் மட்டுமே. இணைப்பு அறுந்தவரை மீண்டும் இணைக்கும் வரை பழைய கணக்குப்படி நேரில் அழைத்தாக வேண்டும். இல்லையெனில் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவராகிவிடுவார்.

எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை, வடிகட்டும் வேலையைத் திங்கட்கிழமை காலைக்கு விட்டுவைக்காமல், எச்சரிக்கை எல்லைகளை அமைக்கும்போதே முடித்துவிடுங்கள். நிரந்தர ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள, ஆன்டிகோயகுலன்ட் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுத்துக்கொள்கிற ஒருவருக்கு அந்த எச்சரிக்கை தினமும் வருவதால் யாருக்கும் பயனில்லை. மருத்துவரின் ஒப்புதலைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டு அதை அணைத்துவிடுங்கள். வென்ட்ரிக்கிள் வேகம் குறித்த எச்சரிக்கையை மட்டும் விட்டுவையுங்கள். சில நிறுவனங்களின் கருவிகளுக்கு இதை இணையதளத்திலேயே செய்யலாம்; மற்றவற்றுக்கு நோயாளி நேரில் வரும்போது புரோகிராமர் (கருவியின் அமைப்புகளை மாற்றும் கணினி) மூலம் செய்ய வேண்டும். ஷாக், லீட் இம்பீடன்ஸ், இரைச்சல், பேட்டரி முடிவு, ஐ.சி.டி. சிகிச்சை அணைந்திருத்தல் ஆகியவை மட்டும் மின்னஞ்சலாகவும் குறுஞ்செய்தியாகவும் ஒருவரின் கைபேசிக்கு வரட்டும். அந்த ஒருவர் யார் என்பது சனி, ஞாயிறு உட்பட எழுத்தில் இருக்க வேண்டும். சில ஐ.சி.டி.க்கள் லீட் பழுதானால் ஒலி எழுப்பும் அல்லது அதிரும். அந்த வசதியை இயக்கிவைத்து, அதன் ஒலியை நோயாளிக்கு ஒருமுறை கேட்க வைத்து அனுப்புங்கள். அன்றைக்கு அந்தப் பெண்மணிக்கு அது ஒன்றே உதவியிருக்கக்கூடும்.

உங்கள் நிர்வாகத்திடம் பேசவும் அதே அறிக்கை உதவும். ஆயிரம் நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று முழுநேரப் பணியாளர்கள் வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. உங்கள் முந்நூறு பேருக்கு அது ஏறத்தாழ ஒரு முழு ஆள். எக்கோ அறையில் பாதி நாள் நிற்பவரை அப்படிக் கணக்கிட முடியாது. 2014இல் லான்செட்டில் வெளியான இன்-டைம் ஆய்வில், ஐ.சி.டி. அல்லது சி.ஆர்.டி. பொருத்திய 664 இதயச் செயலிழப்பு நோயாளிகளில், ஓராண்டுக்குள் தொலைக் கண்காணிப்புக் குழுவில் 10 பேரும் மற்ற குழுவில் 27 பேரும் இறந்தனர். அங்கே வந்த தகவலைத் தினமும் பார்க்க ஒரு மையக் குழு இருந்தது. அது இல்லாத இடத்தில் அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

கேள்வியாளர்

டாக்டருக்கும் சிஸ்டருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். விடுமுறையில் பார்க்க ஆள் போட்டாலும் நள்ளிரவில் வருகிற எச்சரிக்கையை விடிந்துதான் பார்ப்போம். இதை நோயாளிக்கு எப்படிச் சொல்வது?

மறுமொழி 1

உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள். “இது அவசர உதவிச் சேவை அல்ல; பெட்டி தகவல் அனுப்பினாலும் நாங்கள் அலுவல் நேரத்தில்தான் பார்ப்போம்; இங்கிருந்தபடி உங்கள் ஐ.சி.டி.யின் சிகிச்சை அமைப்பை மாற்றவும் முடியாது” என்று எங்கள் ஒப்புதல் படிவத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். ஒருமுறை ஷாக் அடித்து உடல் இயல்பாக இருந்தால் எங்களை அழைக்க வேண்டும். அடுத்தடுத்து அடித்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டியபின் நோயாளியையோ துணைக்கு வந்தவரையோ திருப்பிச் சொல்லச் சொல்வோம். சொல்ல வராதவருக்கு மறுபடியும் சொல்வோம்.

கேள்வியாளர், மூன்று வாரம் கழித்து

இணைப்பு அறுந்திருந்த ஐம்பத்திரண்டு பேரையும் அழைத்துப் பேசிவிட்டேன். சிஸ்டர் சொன்னபடி ‘எங்கே படுக்கிறீர்கள்’ என்று கேட்டதிலேயே பாதிப் பேரின் பெட்டி இடம் மாறி, மறுநாள் இணைப்பு வந்துவிட்டது. ஒன்பது பேருக்குச் செயலி மகனுடைய அல்லது மருமகனுடைய போனில் இருந்தது. நால்வரின் எண்கள் பயன்பாட்டில் இல்லாததால் அவர்களுடைய முகவரிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். சனி, ஞாயிறுக்கு முறைப்பட்டியல் போட்டாகிவிட்டது. எக்கோ அறைப் பணியிலிருந்து என்னை விடுவிப்பது குறித்து நிர்வாகம் இன்னும் முடிவு சொல்லவில்லை. அந்தப் பெண்மணி வியாழக்கிழமை பரிசோதனைக்கு வருகிறார். இம்முறை அவரிடம் படிவத்தை நானே படித்துக் காட்டப்போகிறேன்.