சீலிங்கில் இருந்து விழுந்த கூகைக் குஞ்சு: கையில் எடுத்ததும் என்ன செய்வது?

மட்டக்களப்பில் இருந்து:
பழைய மில், கோயில் கோபுரம், பாடசாலைச் சீலிங் என்று ஆள் புழங்கும் இடத்தில்தான் கூகை, அதாவது இதய வடிவ வெள்ளை முகமுள்ள ஆந்தை, முட்டையிடுகிறது. இரவில் மேலே "ஸ்ஸ்ஸ்" என்று இழுத்துக் கேட்டால் பாம்பு என்று நினைத்துப் புகை போடுகிறார்கள். அது குஞ்சு இரை கேட்கிற சத்தம். புகைக்குப் பயந்துதான் பாதிக் குஞ்சு கீழே விழுகிறது.

கண்டதும் பெட்டியைத் தேட வேண்டாம், கூட்டைத் தேடுங்கள். சில ஆந்தைகள் நிலத்தில் கிடக்கும் குஞ்சுக்கும் இரை கொண்டுவரும். கூகை பெரும்பாலும் கொடுக்காது, அதனால் தரையில் விட்டால் பட்டினிதான். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. காயம் இல்லாமல், உடம்பில் சூடும் இருந்தால் பொழுதுபட முன் ஏணி வைத்து அதே துளைக்குள் விடுங்கள். குளிர்ந்துபோன குஞ்சை மட்டும் சூடேற்றாமல் திருப்பி வைக்காதீர்கள்.

காயம் என்றாலோ கூடு இடிந்துவிட்டது என்றாலோ 1992க்குத் தொலைபேசி எடுங்கள், அது வனஜீவராசிகள் திணைக்களம். வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டமும் விடாது.

சம்மாந்துறையில் இருந்து:
அவர்கள் வந்து சேரும்வரை காட்போட் பெட்டி போதும். பக்கத்தில் காற்றுத் துளை, மேலே மூடி, அடியில் பழைய துவாய். பேப்பர் மட்டும் விரித்தால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோகும், பிறகு நேராக நிற்காது.

பொரித்த புதிதில் 35 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும், பெட்டியில் பல்ப் போட்டுக் கொடுக்கலாம். ஏறக்குறைய 3 கிழமையில் தடித்த தூவி மூடியதும் தன் சூட்டைத் தானே பிடிக்கும். நம்முடைய பக்கம் பகலில் தப்பு நடப்பது அதிகச் சூட்டால்தான். வாயைத் திறந்து தொண்டையைப் படபடவென்று ஆட்டினால் பல்பை உடனே எடுத்துவிடுங்கள். பல்பும் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் இருக்கட்டும், குஞ்சு விலகிப் போக இடம் வேண்டும்.

பால், பாண், சோறு எதுவும் வேண்டாம். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது, ஒரு சொட்டுப் போனாலும் நுரையீரலுக்குத்தான் போகும். வாடிக் கிடக்கும் குஞ்சுக்கு முதலில் நீர்ச்சத்து, அதை மிருக வைத்தியர்தான் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகே இரை.

அக்கரைப்பற்றில் இருந்து:
தம்பி சொன்னது சரி. இரை விஷயத்தை நான் சொல்கிறேன், காயப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் நிலையத்துக்கு உதவப் போகிறவர்கள் கூடப் பிழை விடுவது இங்கேதான்.

கோழி இறைச்சியை வெட்டிக் கொடுத்தால் குஞ்சு ஆசையாய்த் தின்னும். ஆனால் தசையில் கல்சியத்தைவிடப் பொசுபரசு பல மடங்கு. கொஞ்ச நாளில் எலும்பு இளகி, நிற்கும்போதே கால் வளையும். எலும்போடு முழு எலி கொடுப்பதுதான் வழி. முதல் சில நாள் ரோமமும் பெரிய எலும்பும் நீக்கி, சிறு துண்டாய், தண்ணீரில் நனைத்து, ஒரு நாளைக்கு நாலைந்து முறை. 10 நாள் தாண்டியதும் ரோமமும் எலும்பும் சேர வேண்டும், அப்போதுதான் செரிக்காததை உருண்டையாய்க் கக்கும். ரோமத்தோடு தின்றும் இரண்டு நாளாய்க் கக்கவில்லை என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கிட்ட இருப்பது ஆந்தைக்குத் தெளிவாய்த் தெரியாது. துண்டை அலகின் பக்கத்து மயிரில் தொட்டால் தானே கவ்வும். கோழிக்கு, புறாவுக்கு இருப்பது போல் தீனிப்பையும் இல்லை, அதனால் கழுத்தைத் தடவி வயிறு நிறைந்ததா என்று பார்க்க முடியாது. முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள்.

வயலில் செத்துக் கிடக்கிற எலி வேண்டவே வேண்டாம். நஞ்சு வைத்த எலியைத் தின்ற ஆந்தையும் சாகும். கூண்டில் வளர்த்த எலிதான். அதையும் கையுறை போட்டுத் தொடுங்கள், எலிக்காய்ச்சல் என்ன செய்யும் என்று வயல்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

வாழைச்சேனையில் இருந்து:
அண்ணன், வாவிக்கரையில் வருவது எல்லாம் கூகை இல்லை. கொம்பு போல் காதுமயிர், மஞ்சள் கண் இருந்து, பாதத்தில் இறகே இல்லை என்றால் மீன் ஆந்தை. அதற்கு மீன். ஐசில் வைத்த நெத்தலி, சூடை மட்டும் நாள்தோறும் கொடுத்தால் அந்த மீன்களில் இருக்கும் நொதி தயாமினை (விற்றமின் B1) சிதைத்துவிடும், கழுத்து முறுக்கி வலிப்பு வரும். வாவித் திலாப்பியாவையும் எலியையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சம்மாந்துறையில் இருந்து:
இன்னொன்று. தனிக் குஞ்சைக் கொஞ்சிப் பேசி வளர்த்தால் மனிதரைத்தான் தன் இனம் என்று எண்ணும், பிறகு காட்டில் விட முடியாது. நிலையத்தில் வேறு குஞ்சு இருந்தால் ஒன்றாய்ச் சேர்ப்பார்கள், இரையைத் துணித் திரைக்குப் பின்னால் இருந்து நீட்டுவார்கள். 8 கிழமையளவில் பறக்கத் தொடங்கும். விடும்போது திறந்த பெட்டியை உயரத்தில் கட்டி, அதே இடத்தில் இரவுதோறும் இரை வைக்க வேண்டும். தானாக வேட்டையாடிப் பழகச் சில கிழமை எடுக்கும். அந்திக்குப் பிறகே திறவுங்கள், பகலில் திறந்தால் காகம் சுற்றி வளைத்துக் கொத்தும்.