மறு: 'உயர் உள்ளடக்கத் திரையிடல்' – வேறு சொல் உண்டா?

குழுவினர்க்கு வணக்கம்.

அடுத்த மாதம் காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மருந்துக் கண்டுபிடிப்பு பற்றித் தமிழில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். சேர்மங்களைச் செல்களில் இட்டு, படமெடுத்து, மருந்தாகக்கூடியவற்றைப் பொறுக்கும் 'ஹை கன்டென்ட் ஸ்கிரீனிங்' என்ற முறைக்கு இந்தக் குழுவில் ஒருவர் 'உயர் உள்ளடக்கத் திரையிடல்' என்று எழுதியிருந்தார். அதை எங்கள் ஊரில் சொன்னால் முதல் வரிசைப் பையன் "எந்தத் தியேட்டர்ல சார்?" என்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. திரையிடுவது சினிமாவை. உள்ளடக்கம் என்றால் இன்றைக்கு யூடியூபில் போடுவது.

சொல்லைத் தேடுமுன் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டு. 16 வரிசை, 24 பத்தி, ஆக 384 குழி. (ஆங்கிலத்தில் 'வெல்' என்பதற்காக, தயவுசெய்து யாரும் 'கிணறு' என்று எழுத வேண்டாம்.) குழிகளின் அடியில் செல்கள் ஒட்டி வளர்கின்றன. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த சேர்மங்களைக் குழிக்கு ஒன்றாக ரோபோ இடுகிறது. ஓரிரு நாள் கழித்துச் செல்களை இருந்த நிலையிலேயே நிற்கும்படி நிலைப்படுத்தி, ஒளிர்சாயம் ஏற்றி, தானியங்கி நுண்ணோக்கியில் தட்டை வைக்கிறார்கள். தட்டின் அடிப்பரப்பில் லேசர் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அது தானே குவியத்தைச் சரிசெய்துகொள்ளும். குழிக்கு 9 இடம், இடத்துக்கு 5 நிறத் தடம் (ஒவ்வொரு நிற ஒளிக்கும் தனிப்படம்) என்று எடுத்தால் ஒரே தட்டுக்கு 17,280 படம். மனிதர் உட்கார்ந்து பார்க்கிற கணக்கா இது? செல்புரொஃபைலர் போன்ற மென்பொருள் ஒவ்வொரு செல்லையும் எல்லை பிரித்து, உட்கருவின் பரப்பு, வடிவம், சாயத்தின் செறிவு, சாயம் எங்கே திரண்டிருக்கிறது என்றெல்லாம் அளக்கிறது. செல்லின் பல பாகங்களுக்கும் சாயம் ஏற்றும் 'செல் பெயின்டிங்' என்ற முறையில் ஆறு சாயங்கள். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 1,500 அளவுகள்.

இந்த ஆங்கிலப் பெயர் பிறந்த கதையையும் பார்க்க வேண்டும். அது தனியாக வந்த பெயர் அல்ல. குழிக்கு ஒரே ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கான சேர்மங்களை வேகமாகத் தள்ளிவிடும் 'ஹை த்ரூபுட் ஸ்கிரீனிங்' ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. பிட்ஸ்பர்க்கில் செல்லோமிக்ஸ் நிறுவனத்தார் 1997இல் தங்கள் முறையை அதிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர் இது. 'கன்டென்ட்' என்று அவர்கள் சொன்னது, ஒரு குழியிலிருந்து எவ்வளவு தகவல் எடுக்கிறோம் என்பதை. ஆகவே நமக்கும் ஒரு சொல் போதாது. இணையாக நிற்கும் இரண்டு சொல் வேண்டும்.

அடுப்படியில் அந்த இரண்டும் இருக்கின்றன என்பது என் கட்சி. மாவைச் சலிக்கிறோம், கீரையை ஆய்கிறோம். சலிக்கும்போது ஓட்டையின் அளவு ஒன்றுதான் தீர்ப்பு. ஆயும்போது தண்டு முற்றலா, இலையில் பூச்சி அரித்திருக்கிறதா, பழுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்கிறோம். முந்தையது பெருவீதச் சலித்தெடுப்பு. பிந்தையது படிம ஆய்ந்தெடுப்பு.

1999இல் மொனாஸ்ட்ரால் என்ற சேர்மம் கிடைத்த விதத்தைப் பாருங்கள். ஹார்வர்டில் 16,320 சேர்மங்களை எடுத்தார்கள். செல் பிரிவின் நடுவே நின்றுபோனதற்கான அடையாளம் கூடியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்தார்கள், 139 தங்கின. இது சலித்தெடுப்பு. அந்த எண்ணில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. செல்லின் நுண்குழல்களை ஆக்கும் டியூபுலின் புரதத்தையே தாக்குபவற்றைக் கழித்துவிட்டு மற்றவற்றை நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் ஒன்று தனியாகத் தெரிந்தது. பிரிகிற செல்லில், குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்க்கோலுக்கு இரண்டு முனை இருக்க வேண்டும். இதில் ஒரே முனை. நடுவில் நட்சத்திரம்போல் நுண்குழல்கள், அதைச் சுற்றி வட்டமாகக் குரோமோசோம்கள். இரண்டு முனைகளையும் விலக்கித் தள்ளும் ஈஜி5 என்ற இயக்கப் புரதத்தை அந்தச் சேர்மம் முடக்கியிருந்தது. மொனாஸ்ட்ரால் மருந்தாகவில்லை, அது வேறு கதை. ஆனால் 'நின்றுவிட்டது' என்பதை எண் சொன்னது; எப்படி நின்றது என்பதைப் படம்தான் சொன்னது. சொல்லில் படம் இருந்தே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

கருத்துச் சொல்லுங்கள்.
– காரைக்குடியிலிருந்து

———

தம்பி,

ஆய்ந்தெடுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'படிமம்' வேண்டாம். தமிழ் வகுப்பில் அது கவிதைக்குப் போய்விட்டது, கோயிலில் சிலைக்குப் போய்விட்டது. நுண்ணோக்கியில் எடுத்ததை 'நுண்படம்' என்று சொன்னால் யாருக்குத்தான் புரியாது?

இன்னொன்று. சலித்தெடுப்பு சரி, யாராவது அதைச் சுருக்கிச் 'சலிப்பு' என்று எழுதிவிடுவார்கள், பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அது நிறைய இருக்கிறது.

என் மருமகள் ஐதராபாத்தில் இதே வேலைதான் செய்கிறாள். தட்டின் நான்கு ஓரத்துக் குழிகளிலும் சேர்மம் போடவே மாட்டார்களாம். ஓரத்தில் நீர் சீக்கிரம் ஆவியாகி, உள்ளே இருப்பதன் செறிவு கூடிவிடும். செல் வாடுவது மருந்தாலா வறட்சியாலா என்று தெரியாது. 384இல் அப்படி 76 போய்விடுகிறது. அதையும் பேச்சில் சொல். அழகான வண்ணப் படத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதே.

நீ 'எடுப்பு' என்கிறாய். எடுத்தபிறகு கையில் இருப்பதற்கு என்ன பெயர்? 'ஹிட்' என்கிறார்களே, அதற்கு?
– தேவகோட்டையிலிருந்து

———

ஆச்சி, வணக்கம்.

நுண்படம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நுண்பட ஆய்ந்தெடுப்பு. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'பத்தாயிரம் சேர்மங்களை நுண்படம் வழியே ஆய்ந்தெடுத்தார்கள்.' உறுத்தவில்லை. வினையாகிற சொல்தான் பிழைக்கும் என்பது என் எண்ணம். 'உயர் உள்ளடக்கத் திரையிட்டார்கள்' என்று சொல்லிப் பாருங்கள், வாய் வராது.

'ஹிட்'டுக்கு நம்மிடம் 'தேறுவது' இருக்கிறது. "பத்தில் ரெண்டுதான் தேறும்" என்று சந்தையிலும் சொல்கிறோம், தேர்வு முடிவிலும் சொல்கிறோம். தேறிய சேர்மம் என்று வைத்துக்கொள்ளலாம். தேறியதெல்லாம் மருந்தாகிவிடாது என்ற எச்சரிக்கையும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. முதல் சுற்றில் தேறியது, அவ்வளவுதான். சில சேர்மங்கள் தாமே ஒளிரும். குறிப்பாக நீலத் தடத்தில், உட்கருவுக்குச் சாயம் போடுகிற அதே இடத்தில். கணினி அதைச் செல்லின் மாற்றம் என்று எண்ணி மேலே தூக்கிவிடும். சாயமே போடாத செல்லில் அதே சேர்மத்தை இட்டுப் பார்த்தால் குட்டு உடையும். அப்படிப்பட்டவை போலித் தேர்ச்சி. மருமகளிடம் கேட்டுப் பாருங்கள், இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்; ஆனால் மறக்கமாட்டார்.

ஓரக் குழி விஷயத்தைக் கட்டாயம் சேர்க்கிறேன். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழிகளையும். சில குழிகளில் வெறும் கரைப்பான், சில குழிகளில் விளைவு தெரிந்த சேர்மம். இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லையென்றால் தட்டையே தள்ளிவிட வேண்டியதுதான். இந்த இடைவெளியைக் காட்டும் இசட்-பிரைம் என்ற அளவு 0.5க்கு மேல் வந்தால் நல்ல சோதனை என்று 1999 முதல் ஒரு வழக்கம். அதற்குத் தமிழ் தேடி மண்டையை உடைக்கப்போவதில்லை. எழுத்தையும் எண்ணையும் அப்படியே விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது 'காம்பவுண்டு லைப்ரரி'. 'சேர்ம நூலகம்' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகம் புத்தகமாகச் சேர்த்துவைத்ததல்லவா நூலகம்! இங்கே இருப்பது சோதிக்க வேண்டிய சேர்மங்களோடு உறைபெட்டிக்குள் அடுக்கிய தட்டுகள். நூல் ஒன்றுகூட இல்லை. 'சேர்மத் திரட்டு' என்று எழுதினால் தொகுத்து வைத்தது என்ற பொருள் வந்துவிடுகிறது. 'களஞ்சியம்' என்பாரும் உண்டு. அது எனக்குக் கொஞ்சம் ஆடம்பரமாகப் படுகிறது. குழுவில் வேதியியல்காரர்கள் யாராவது ஒரு முடிவு சொன்னால் நல்லது.

சுவரொட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதுவரை தலைப்பு: 'நுண்பட ஆய்ந்தெடுப்பு: மருந்து தேடும் கேமரா'. கேமராவை மாற்றச் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.
– காரைக்குடியிலிருந்து